மூன்றாவது சத்தம்

சனிக்கிழமை, பதினான்காம் தேதி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். புதிய கிளட்ச் தட்டுகளை எண்ணெயில் ஊறவைக்க, கேட்காமல் அம்மாவின் பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டேன்.

"ஊறினது போதுமாடீ? தாளிச்சுக் கொட்டிடவா?" என்றாள் அம்மா.

வேறு பாத்திரம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"பாத்திரம் கெடக்கட்டும். நாளைக்கு இவ கிளம்பியாகணும். அக்கம்பக்கத்துல வண்டியச் சாக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

'இவ' என்றது அக்காவை. அக்கா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தாள். திரும்பக் கிளம்பிய அன்று, வாசலிலேயே காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கைவிரித்துவிட்டது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. பட்டறைக்காரர் கியர் பெட்டியையே மாற்றச் சொன்னார். மாலை வகுப்பில் இதைத்தானே படிக்கிறேன், நானே பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

மாமா, அக்காவின் கணவர், தினமும் சாயங்காலம் போன் செய்கிறார். வண்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறார். அக்காவிடம் கொடுக்கட்டுமா என்றால், "அதெல்லாம் வேணாம். வண்டி ரெடியானா சொல்லு" என்று வைத்துவிடுகிறார்.

தேய்ந்தது, கருகியது எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. பெட்டிக்குள் இப்போது பழுது என்று சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். இரண்டாவது தரம் பார்த்ததைத்தான் நம்பினேன்.

என் கை முழுக்க எண்ணெய் என்பதால் வகுப்புக் குறிப்புகளை அக்காதான் படித்துச் சொன்னாள். என் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். துவைக்கக் கேட்டால் கழற்ற மாட்டேன் என்கிறாள். ஒரு வளையத்தை நான் தலைகீழாகப் போட்டபோது, "பள்ளம் மேல வரணும்னு இங்க எழுதியிருக்கு பாரு, கழுதை" என்று அவள்தான் கண்டுபிடித்தாள். இந்த வேலை இப்போது அவளுக்கு என் அளவுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியலாம்.

மிச்சம் இருந்தது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்காரும், பூசணிக்காய் அளவு இரும்பு உருண்டை. அதைப் பெட்டியின் வாயில் வைத்து, அழுத்தியபடியே மெல்லத் திருப்ப வேண்டும். மூன்று படியாக உள்ளே இறங்கும். படிக்கு ஒரு 'டக்'. இரண்டோடு விட்டுவிட்டு வண்டியில் பூட்டினால் உள்ளே எண்ணெய் பம்ப் உடைந்துவிடும். அப்புறம் பெட்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

இந்த இடத்தையும் அக்காதான் படித்தாள். படித்துவிட்டு, இன்னொரு தரம் தனக்குள் படித்துக்கொண்டாள்.

திருப்பினேன். டக்.

இன்னும் கொஞ்சம். டக்.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கத் தொடங்கினார்கள். கைக்குக் கீழே ஏதோ அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

அக்கா பெட்டியோடு காதை ஒட்டி வைத்திருந்தாள்.

"மூணும் விழுந்துடுச்சு," என்றாள். "பூட்டிடு."

என் கையைவிட அவள் காதைத்தான் நம்பினேன். ஆனாலும் வாத்தியார் ஏற்படுத்திய பழக்கம் விடவில்லை. பெட்டியின் வாய்க்குக் குறுக்கே ஒரு நேரான பட்டையை வைத்து, ஸ்கேலை உள்ளே இறக்கி ஆழம் அளந்தேன். இருக்க வேண்டிய ஆழத்தைவிட ஒரு விரல் கனம் குறைவாக இருந்தது. மறுபடி அளந்தேன். அதேதான்.

மூன்றாவது படி விழவில்லை.

அக்கா ஸ்கேலைப் பார்த்தாள். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டார்ச்சை மட்டும் அணைத்தாள்.

என் கை இன்னும் உருண்டையின் மேல்தான் இருந்தது. கால் சுற்று திருப்பினால் விழுந்துவிடும். இருட்டுவதற்குள் வண்டியில் ஏற்றிப் பூட்டிவிடலாம். காலையில் அவள் கிளம்பிவிடலாம்.

போன் அடித்தது. அக்காவே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ன மெக்கானிக் மேடம், முடிஞ்சுதா? நாளைக்கு அவளைக் கிளம்பச் சொல்லலாமா?"

சின்னப் போன்தான். அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இல்ல மாமா," என்றேன். "உள்ள ஒரு பாகம் தேஞ்சிருக்கு. திரும்ப முழுசாப் பிரிக்கணும்."

"எந்தப் பாகம்?"

"பிரிச்சாத்தான் தெரியும்."

வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"இன்னும் நாளாகுமாம், அம்மா," என்றாள் அக்கா. குறிப்புகளைப் படிக்கும் அதே குரலில்.

ஞாயிற்றுக்கிழமை வேலை: கன்வெர்ட்டரை வெளியே எடுத்துவைக்க வேண்டும். பெட்டியை முதலிலிருந்து பிரிக்க வேண்டும். தேய்ந்த பாகம் எது என்று முடிவு செய்ய வேண்டும்.