இஞ்சி டொபி

மருதமுனை ஹாஜறா தேடத் தொடங்கினால் உலகத்து நூலகங்களெல்லாம் நடுங்கும். களப்பு மீன்களை ஆராய்ந்த றாஸிக் கேட்ட ஒரேயொரு பழைய கட்டுரைக்காகத் தான் வேலைபார்க்கும் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஏழு கடலுக்கும் மின்னஞ்சல் விட்டாள்.

"அது இல்லாட்டி என்ட ஆய்வு முடியாது, ராத்தா."

"நிலாவில கிடந்தாலும் எடுத்துத் தருவன். டொபி மட்டும் தராத தம்பி, எனக்குச் சீனி வருத்தம்."

எதைத் திருப்பித் தந்தாலும் அதன்மேல் இஞ்சி டொபி வைப்பது றாஸிக்கின் குறும்பு.

கட்டுரை வந்தபோது றாஸிக்கைக் கடல் கொண்டுபோயிருந்தது. அடக்குவதற்கு ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. ஹாஜறா அதை அச்செடுத்து அவன் வழக்கமாக இருக்கும் மேசையில் வைத்து, "வந்திட்டு தம்பி" என்று அழுதாள்.

அன்று மாலை நூலகத்தைப் பூட்டியவளும் மறுநாள் காலை பூட்டைத் திறந்தவளும் அவள்தான். கட்டுரை அவளுடைய மேசைக்கு வந்திருந்தது. அதன்மேல் ஒரு டொபி.

பிரித்து வாயில் போட்டாள். உப்புக் கரித்தது.