சுவர் முழுக்க மாமா

"கொஞ்சம் தாடையைத் தூக்குங்க மாமா. கண்ணை மூடாதீங்க, என்னையே பாருங்க."

தங்கை சொன்னதும் அக்காவின் வீட்டுக்காரர் சமர்த்தாக முகத்தைத் தூக்கினார். அவள் அவர் தாடையை ஒரு விரலால் ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, மூக்கோடு மூக்கு முட்டாத குறையாகக் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அக்கா, மடித்த சட்டையையே உதறி மறுபடியும் மடித்தாள்.

தங்கை ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். கல்லூரி பக்கத்தில் என்பதால் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு முகத்தை மனிதர்கள் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள், இயந்திரம் எப்படிக் கண்டுகொள்கிறது என்பதுதான் இறுதித் தேர்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் தன் முகத்தையே வரைந்தாள். பிறந்தநாளுக்கு மாமா, தன்னுடையதைப் போலவே பார்த்து வாங்கிக் கொடுத்த, முகத்தைக் காட்டினால் திறக்கிற மலிவான போன் ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் படத்துக்கு முன்னால் பிடிப்பாள். போன் ஏமாந்து திறந்துகொண்டால் படம் தேறிவிட்டது. இல்லாவிட்டால் மறுபடியும் தூரிகையை எடுப்பாள்.

அது திறந்துகொண்ட அன்று, படத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கே ஓடி வந்துவிட்டாள். "மூஞ்சியில ஒரு களையே இல்லையேடி" என்றாள் அக்கா.

"போனுக்குக் களை எதுக்குக்கா? கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல அளவு சரியா இருக்கணும். கண்ணு திறந்திருக்கணும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்" என்று தங்கை சிரித்தாள். அன்றைக்கு அக்காவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. தன் முகத்தை ஓரங்கட்டிவிட்டு மாமாவின் முகத்தை வரைய உட்கார்ந்தாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. காதைக் காணோம், தலைமுடி ஒப்புக்கு இரண்டு இழுப்பு. கண்ணும் மூக்கும் மட்டும் அச்சு அசல். கூட்டிப் பெருக்க அந்த அறைக்குள் போனால், டர்பன்டைன் நெடிக்கு நடுவே எல்லாச் சுவரிலிருந்தும் வீட்டுக்காரர் விழித்து விழித்துப் பார்த்தார்.

சந்தேகம் வந்துவிட்டால் தும்மினால்கூடக் குற்றம்தான். அவருக்கு ஒரு மறதி உண்டு. காலையில் குளித்துவிட்டு வரும்போது போனைக் குளியலறை அலமாரியிலேயே விட்டுவிடுவார். அடுத்துக் குளிக்கப் போகிறவள் தங்கை. முன்பெல்லாம் குளித்து முடித்து வந்துதான் எடுத்துக் கொடுப்பாள். இப்போது உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்து, "மாமா, போனு" என்று நீட்டினாள். அவரும் ஈயென்று இளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். குளித்துவிட்டு வரும்வரைகூடப் பொறுக்கவில்லையா இவளுக்கு என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

அவரைச் சொல்லி என்ன பயன்? உட்கார் என்றால் உட்காருகிறார், பார் என்றால் பார்க்கிறார். சூதுவாது தெரியாத மனிதர். இவள்தான் உண்ட வீட்டுக்கே உலை வைக்கிறாள். விட்டால் கட்டிக் காத்த குடும்பம் கையைவிட்டுப் போய்விடும் என்று அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்து சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் எழுந்திருப்பதற்குள் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று அக்கா தங்கையின் அறைக்குப் போனாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரம் காயாத புதுப் படத்தின்மேல் சாய்ந்தாற்போல நின்றிருந்தாள். படத்திலிருந்த முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தன் கையால் சோறு போட்டு வளர்த்தவளா இவள்?

"சீ, என்ன ஜென்மம்டி நீ" என்றாள். "கூடப் பொறந்தவ புருஷன்னு ஒரு கூச்சம் வேணாம்? சுவர் முழுக்க அவர் மூஞ்சியை மாட்டி வெச்சிருக்கியே, உனக்கே அருவருப்பா இல்ல? பொழுது சாயறதுக்குள்ள பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

தங்கை திரும்பினாள். அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. கையில் ஒரு போன் இருந்தது. ஓரம் கிழிந்த பழுப்புநிற உறை; அது அக்காவே தன் வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்தது.

போன் திறந்திருந்தது. தங்கை விரலால் எதையோ தள்ளித் தள்ளித் தேடினாள். கிடைத்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, போனை மட்டும் அக்காவிடம் நீட்டினாள்.

ஒரு வீடியோ. அவர்கள் வீட்டுக் குளியலறை. அலமாரி உயரத்திலிருந்து தெரிந்த நீல வாளி. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற ஒரு பெண்ணின் முதுகு. அடுத்ததிலும் அதே வாளி, அதே தாழ்ப்பாள், தோளில் வேறு நிறத் துண்டு. அதற்குமேல் பார்க்க அக்காவால் முடியவில்லை. கூடத்திலிருந்து அவருடைய குறட்டை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"சுவர் முழுக்கத்தான் மாமா. போன் முழுக்க நான்க்கா."