இரண்டாவது வளையம்

கம்ப்யூட்டர் கடைக்காரர் சி.டி.யைத் திருப்பி, மேசை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார்.

"ரெண்டு வாட்டி எழுதியிருக்காங்க."

பெரியவனுக்கு உச்சி குளிர்ந்தது. பத்து நாளாக அவன் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். சி.டி.யின் அடிப்பக்கத்தில் அகலமாக ஒரு வளையம். அதைத் தாண்டி, நூல் மாதிரி மெல்லிசாக இன்னொன்று. பல் துலக்கும்போதுகூட அந்த இரண்டாவது வளையம்தான் அவன் கண்ணுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது.

கை நடுங்கி எழுத முடியாமல் போனதால், சொல்ல வேண்டியதையெல்லாம் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார். பதிவு செய்தவள் தங்கை, அப்பாவுக்குப் பாப்பா. சி.டி.யில் ஏற்றியவளும் தங்கை. கடைசி வரை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தவளும் அவள்தான். திருட்டுத்தனம் செய்ய இதைவிடத் தோதான இடம் ஏது என்று பெரியவன் நினைத்தான்.

பேச்சுக்கெல்லாம் எண் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் எடுத்த எடுப்பில் ஐந்து.

நாலு எங்கே என்று கேட்டதற்கு, எண் போடும்போது விட்டுப்போய்விட்டது என்றாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மீதி ஆறு பேச்சையும் அவன் மனப்பாடமாகக் கேட்டுவிட்டான். எந்த ஜன்னல் மழைக்கு ஒழுகும், தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவ வேண்டும், அம்மாவின் வளையல் யாருக்கு என்று எல்லாம் இருந்தது. வீடு யாருக்கு என்பது மட்டும் இல்லை. பின்கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிய மனுஷர், வீட்டைப் பற்றி வாயே திறக்காமலா போயிருப்பார்?

அப்பா எதுவும் சொல்லாததால் ஆளுக்குப் பாதி என்று தாய்மாமா தீர்த்துவைத்தார். தங்கை மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அங்கேதான் அவனுக்குப் பொறி தட்டியது. சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காகத் தெருவைக் கூட்டியவள் அவள். பாதி போதும் என்று அப்படிப்பட்டவள் சட்டென்று ஒத்துக்கொண்டால், முழு வீடும் இன்னொருத்தருக்குப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இருப்பது இரண்டே பிள்ளைகள். கணக்குப் போடப் பெரிய மூளை தேவையில்லை.

அதனால்தான் மாமாவைக் கையோடு அழைத்து வந்தான். தங்கையையும் வரச் சொன்னான். கையும் களவுமாகப் பிடிக்கும்போது சாட்சிக்கு ஆள் வேண்டும்.

கடைப் படியேறும்போதே அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வேணாண்ணே. வீட்டுக்குப் போயிடலாம்."

மாட்டிக்கொள்ளப் பயப்படுகிறாள் என்று அவனுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு சி.டி.யை எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டினார். இருண்ட சாம்பல் நிறம். இது அழித்து அழித்து எழுதுகிற ஜாதி, துடைத்துவிட்டால் பழையது அடியோடு போய்விடும் என்றார். நீங்கள் கொண்டுவந்தது பச்சை, ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான். இதில் அழித்தால் பட்டியலில் பெயர் மட்டும்தான் காணாமல் போகும், விஷயம் உள்ளேயே இருக்கும்.

தங்கை வீட்டில் ஒரே ஒரு சாம்பல் நிற சி.டி. உண்டு. பிள்ளைகளுக்குப் பாட்டு ஏற்றுவாள், அலுத்ததும் அழித்து வேறு ஏற்றுவாள். வருஷக்கணக்காக அதையே வைத்து ஓட்டியவளுக்கு உலகத்தில் எல்லா சி.டி.யும் அப்படித்தான் என்று நினைப்பு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவன் மாமாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

கடைக்காரர் சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டு என்னென்னவோ தட்டினார். திரையில் பழைய பட்டியல் வந்தது. ஏழு பேச்சு. நடுவில், யாரும் தொடாத மாதிரி, நாலு.

"சத்தமா வைங்க," என்றான் பெரியவன்.

முதலில் இருமல். பிறகு அப்பா.

"வீடு பாப்பாவுக்குத்தான். முழுசா. பெரியவனுக்கு அதுல ஒரு செங்கல்கூடக் கிடையாது. ரெண்டு வருஷமாப் படுத்துக் கிடக்கேன், அடுத்த தெருவுல இருக்கான், எட்டிப் பார்க்கல."

பதிவில் தங்கையின் குரல் குறுக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருப்பதாகக் கெஞ்சியது.

"அவன் சொல்ற ஞாயித்துக்கிழமை எந்தக் காலண்டர்லயும் இல்லம்மா."

பேச்சு முடிந்தது.

கடைக்காரர் விசைப்பலகையில் இல்லாத தூசியை ஊதினார். பெரியவனுக்குக் காது மடல் கொதித்தது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவனைப் பார்க்கவில்லை. இனி என்னம்மா செய்யலாம் என்று தங்கையைத்தான் கேட்டார்.

அவள் எழுந்து, கம்ப்யூட்டரின் சி.டி. தட்டை வெளியே வரவழைத்து, சி.டி.யை எடுத்து உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இதுல ஆறு பேச்சுதான் மாமா இருக்கு. ஆறும் நீங்க ஏற்கெனவே கேட்டதுதான்."