சம்பந்தம் முறித்த இசைத்தட்டு

மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தபோது, பர்ஹானா தன் வாப்பாவின் அலமாரியிலிருந்து ரொக் இசைத்தட்டு ஒன்றை எடுத்துச் சுழலவிட்டாள். எழுபத்திரண்டில் வந்த அல்பம் அது.

மாப்பிள்ளையின் வாப்பா ஜவாத் முகத்தைச் சுளித்தார். "இது பாட்டா? தகரக் கடைக்குள்ள சண்டை புடிக்கிற சத்தம். எழுபதுகள்ல பாட்டெண்டா ஜமைக்காக்காரன்ட ரெகே அல்பம்தான்."

பர்ஹானாவின் வாப்பா லாபிர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெகேயா? முழு அல்பத்துக்கும் ஒரே தாளம். மாடு அசை போடுற மாதிரி."

"அதக் கேக்கிறதுக்குக் காது வேணும் காக்கா," என்று அண்ணன் முறை சொல்லியே குத்தினார் ஜவாத்.

"ஓம், நித்திரை வராதவனுக்கு நல்ல மருந்துதான்."

மாப்பிள்ளை அர்ஷாத் தலையைக் குனிந்தபடி இருந்தான். பெண்கள் எவ்வளவோ சமாதானம் சொல்லியும் ஜவாத் கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார்.

"கிற்றார் கதறுறத ரசிக்கிற ஊட்டில நமக்குச் சம்பந்தம் வேணாம்."

"நீங்க கேட்டாலும் நான் தரமாட்டன்," என்றார் லாபிர்.

கார் போனதும் மகளிடம் திரும்பினார். "கவலைப்படாத மகள். ரசனை கெட்ட குடும்பம். தப்பிட்டாய்."

பர்ஹானா தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கைபேசியில் அர்ஷாத்தின் செய்தி வந்திருந்தது.

"நான் சொன்ன அல்பத்தையே போட்டதுக்கு நன்றி. வாப்பா காருக்குள்ளயும் ஏசிக்கிட்டுத்தான் வாறார். இனி நீங்க நிம்மதியாப் படிப்ப முடிங்க. நான் விரும்புற புள்ளையப் பத்தி வீட்டில கதைக்கிறன்."

அவள் பதில் எழுதினாள்: "உங்கட வாப்பா சொன்னது சரிதான். எனக்கும் ரெகேதான் புடிக்கும்."