எண்பதும் தப்பு

“எது பூனை? தொட்டுக் காட்டு, பார்ப்போம்.”

மேஜைமேல் இரண்டு படங்கள். ஒன்று பூனை, ஒன்று பஸ்.

நாலு வயது சுருட்டைத்தலையன் பஸ்ஸைத் தொட்டான். தொட்டுவிட்டு, “மியாவ்” என்றான்.

மதிப்பீடு செய்ய வந்த ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“எது பெரிசு?”

எறும்பு. யானை பக்கத்திலேயே இருந்தது.

“மூணு பந்து எதுல இருக்கு?”

பையன் விரல் வைத்து எண்ணினான். மூன்று வந்ததும் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, மற்றதைத் தொட்டான்.

அது அரசு நடத்தும் பாலர் பள்ளி. ஒரே அறை. வாசலில் முப்பத்திரண்டு ஜோடிச் சின்னச் செருப்புகள். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயாம்மா ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்தபடி, ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு குழந்தைகள், ஆளுக்கு இருபது கேள்வி. எல்லாம் முடிந்தது.

“என்னம்மா இது? யானை எது, எறும்பு எதுன்னு தெரியல. இத்தனை நாளா என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?”

“முயற்சி பண்றோம் சார்.”

“போன வருஷமும் நான்தான் வந்தேன். நூத்துக்குத் தொண்ணூறு போட்டு, ‘மிகச் சிறப்பு’ன்னு எழுதிட்டுப் போனேன். அதுக்குள்ள இப்படிக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கீங்களே! மொத்தம் எண்பதுக்கு…”

கூட்டினார். பேனா நின்றது.

“பூஜ்யம்.”

இன்னொரு தடவை கூட்டினார். பூஜ்யத்தை எத்தனை தடவை கூட்டினாலும் பூஜ்யம்தானே.

“டீச்சர், போன வாரம் வேற ஒரு பள்ளியில ஒரு குழந்தை பாதித் தூக்கத்துலயே இருபதுக்கு ஒன்பது வாங்குச்சு. ரெண்டு படத்துல கண்ணை மூடிக்கிட்டுக் கை வெச்சாலே பாதி சரியா வரும். எண்பதும் தப்பா வரணும்னா, எண்பதும் தெரிஞ்சிருக்கணுமே?”

டீச்சர் ஆயாம்மாவைப் பார்த்தாள். ரெட்டைப் பின்னல் போட்ட பெண் குழந்தைக்குப் பொறுக்கவில்லை.

“டீச்சர், நான் எல்லாமே தப்பா சொன்னேன்ல? நான் ஜெயிச்சிட்டேன்ல?”

ஆயாம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க சார்,” என்றாள் டீச்சர். “நீங்க ‘மிகச் சிறப்பு’ன்னு எழுதினீங்களா? ‘நல்லா நடக்கிற பள்ளிக்கு ஆயா எதுக்கு’ன்னு மேலருந்து இவங்களை மாத்திட்டாங்க. முப்பத்திரண்டு பிள்ளைங்க, நான் ஒருத்தி. ஒருத்தனைப் பாத்ரூம் கூட்டிட்டுப் போன நேரத்துல இன்னொருத்தன் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போயிட்டான். லாரிக்காரர் புண்ணியத்துல பிழைச்சான். எட்டு மாசம் மனு மேல மனு போட்டு, இப்பத்தான் இவங்க திரும்ப வந்திருக்காங்க. மறுபடியும் தொண்ணூறு வாங்கினா…”

“அதுக்காகத் தப்பா சொல்லப் பழக்கினீங்களா?”

“சரியா சொல்லக் கத்துக் குடுக்கறதைவிட அதுதான் சார் பெரும்பாடா இருந்துச்சு.”

ஆபீசர் கேட்டைப் பார்த்தார். அதற்கப்பால் ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

பிறகு குழந்தைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். நிரப்பிய தாள்களைக் கிழித்துப் பைக்குள் திணித்தார். புதுத் தாள்களை எடுத்தார்.

“எல்லாமே தப்புன்னா மேல சந்தேகம் வரும்மா. விசாரணைன்னு வந்து நிப்பாங்க. எண்பதுக்கு முப்பத்தெட்டு போடறேன். ஒண்ணும் தெரியாத பிள்ளைங்கன்னா அவ்வளவுதான் வரும்.”

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சரி போட ஆரம்பித்தார். சுருட்டைத்தலையன் அவர் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். தாளில் அச்சடித்திருந்த பூனைக்கும் பஸ்ஸுக்கும் நேரே ஒரு ரைட் விழுந்தது. அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஆயாம்மா! நான் பஸ்ஸத்தானே தொட்டேன்? அதுக்குப் போய் ரைட் போடறாரு. பாவம், சாருக்கு ஒண்ணுமே தெரியல!”

ஆயாம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“போடா வாலு! சாருக்கு எல்லாம் தெரியும். அதான் தப்பா போடறாரு.”