சீர்த்தட்டு வீடியோ

“அதெப்படிய்யா, நான் சீர் கொண்டு போன வீடியோ மட்டும் அழியும்? மத்தவன் வீட்டுக் கல்யாணமெல்லாம் பத்திரமா இருக்கு!”

பிச்சைமணி போட்ட சத்தத்தில் ஸ்டுடியோ வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வீடியோ எடுத்த சூரியபிரகாஷ் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

தங்கை மகளின் காதுகுத்துக்குக் காமயகவுண்டன்பட்டியிலிருந்து மேளதாளத்தோடு சீர் கொண்டுபோன தாய்மாமன் பிச்சைமணி. பிள்ளையை மடியில் உட்கார வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தால், தங்கத் தோட்டைக் காணோம். பந்தலிலேயே தங்கை புருஷனின் சட்டையைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“விட்ருங்கண்ணே, போனது போகட்டும்,” என்றாள் தங்கை ஜோதிலட்சுமி. அண்ணன் சண்டைக்குப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு மார்க்கையன்கோட்டையிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

“எப்படி விடுவேன்? எம் வீட்டுல உன் மதினி ராக்கம்மா அன்னைக்கிருந்து சரியாச் சோறு திங்காம அழுதுக்கிட்டுக் கெடக்கா. எடுத்தது உன் புருசன் வீட்டாளுகதான். வீடியோவப் போட்டுக் காட்டி, நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கல, நான் பிச்சைமணி இல்ல!”

அதற்காகவே பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கிருபாவதியைக் கையோடு கூட்டி வந்திருந்தார். அவள் ஸ்டுடியோவின் லினக்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“வீடியோ இருந்த பார்ட்டிஷனையே, அதான் டிஸ்க்குல தனியாப் பிரிச்சு வச்ச பகுதியையே தூக்கிருக்காக. தன்னால போகலண்ணே, யாரோ வேணும்னே செஞ்சது,” என்றாள். “ஆனா வீடியோ உள்ளதான் கெடக்கும். அது எங்கன தொடங்குதுங்கிற அடையாளம் மட்டும்தான் போயிருக்கு. தேடிப் புடிச்சிரலாம்.”

“வேணும்னே செஞ்சிருக்கியா?” பிச்சைமணி சூரியபிரகாஷ் மேல் பாய்ந்தார். “எவன்டா உன்னைய அழிக்கச் சொன்னது?”

அவன் தயங்கித் தயங்கி ஜோதிலட்சுமியைப் பார்த்தான். “எடிட்டிங் அன்னைக்கு வந்து பாத்துட்டு... இவுகதாண்ணே சொன்னாக.”

பிச்சைமணி தங்கை பக்கம் திரும்பினார், ஆங்காரத்தோடு.

“அடிப்பாவி! புருசனக் காப்பாத்தக் கூடப்பெறந்தவனயே ஏமாத்திட்டியே! நீயெல்லாம் ஒரு தங்கச்சியா? இனிமே என் வாசப்படிய மிதிச்சிராத!”

அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தாள்.

“கெடச்சிருச்சுண்ணே,” என்றாள் கிருபாவதி. மௌஸை நோக்கிப் போன அவள் கையை ஜோதிலட்சுமி சட்டென்று பிடித்துக்கொண்டாள். “போடாதீங்கம்மா.”

“கைய எடு!” என்று அதட்டினார் பிச்சைமணி. “நீ போடு தாயி. அந்தத் திருட்டு மூஞ்சிய நான் பாக்கணும்.”

வீடியோ ஓடியது. பந்தலில் சீர்த்தட்டுகள் வரிசையாக இறங்கின. எல்லோரும் மேளக்காரர்களை வேடிக்கை பார்த்த நேரம், வளையல் அடுக்கிய கை ஒன்று தோட்டுப் பெட்டியை எடுத்து முந்தானைக்குள் மறைத்தது. கேமரா மெல்ல மேலே போனது. ராக்கம்மாவின் முகம்.

ஜோதிலட்சுமி கை நீட்டி மானிட்டரை அணைத்தாள். “வீட்டுக்குப் போயி மதினிய ஒண்ணும் கேட்றாதீகண்ணே. எங்க வீட்டாளுக திருடுனதாவே இருந்துட்டுப் போகட்டும்.”