நாலு கியர்ப் பொருத்தம்

மகளைக் கேட்டு வருகிறவனை வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதற்காகவே சற்குணம் அன்றைக்கு அயன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். இந்தக் குளிர்நாட்டில் புருசெத் என்ற இடத்து மாடிவீடுகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கிறீஸ் படிந்த கராஜுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

காலையில் மனைவி புஷ்பராணி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். "பின்னேரம் ஒரு பொடியன் வருவான். கராஜிலை வந்து உங்களைச் சந்திக்கச் சொன்னனான். நல்ல மாதிரிக் கதையுங்கோ. வேண்டாம் எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ."

எந்தப் பொடியன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மகள் யதுர்ஷா தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளையைப் பற்றித்தான் ஒரு மாதமாக வீட்டில் கதை. படத்தை நீட்டினால் சற்குணம் முகத்தைத் திருப்புவார், பெயரைச் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்பா ஓம் என்று சொல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று மகளும் அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

வந்தவன் நல்ல உயரம். சப்பாத்தை வாசலில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தான். "வணக்கம் அங்கிள், நான் கவிசன். ஸ்தவாங்கரிலையிருந்து விடியவே வெளிக்கிட்டனான்."

இதற்காக ஒருவன் மலையெல்லாம் தாண்டிக் காரோட்டி வந்திருக்கிறானே என்று சற்குணத்துக்கு ஒரு பக்கம் இளகியது. ஆனாலும் முகத்தை உர்ரென்றே வைத்துக்கொண்டார்.

பொடியனின் கண் காரை விட்டு நகரவில்லை. அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங். எஞ்சின் தயார்; கியர்பொக்ஸ் மனுவலா ஒட்டோமட்டிக்கா, எஞ்சினுக்கு எரிபொருளும் காற்றும் கலந்து கொடுக்கிற காபரேட்டர் சின்னதா பெரிதா என்று முடிவெடுக்க முடியாமல் வருடக்கணக்கில் கட்டை மேல் நிற்கிறது. அது கார் இல்லை, தன்னுடைய சக்களத்தி என்பது புஷ்பராணியின் கட்சி.

"படத்தைவிட நேரிலை நல்ல வடிவு அங்கிள்," என்றான் கவிசன், பொனற்றைத் தடவியபடி.

மகள் இதையும் படம் பிடித்து அனுப்பிவிட்டாளா என்று சற்குணம் மனதுக்குள் திட்டினார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைத்துக்கொண்டார்.

சும்மா வேண்டாம் என்றால் தாயும் மகளும் ஆளைத் தின்றுவிடுவார்கள். கேள்வி கேட்டு மடக்கி அனுப்பினால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. "தம்பி, நீர் எண்டால் இதுக்கு என்ன கியர்பொக்ஸ் போடுவீர்?"

"நாலு கியர் மனுவல்தான் அங்கிள். ஒட்டோமட்டிக் சுகம், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இப்பிடி ஒரு எஞ்சினை வைச்சுக்கொண்டு சும்மா இருந்து ஓடுறதோ?"

சற்குணம் திடுக்கிட்டுப் போனார். அவருடைய மனதில் இருந்ததும் அதுதான். கிளச் மிதிக்க விடாத முழங்கால் நோதான் இத்தனை காலமும் ஒட்டோமட்டிக் பக்கம் இழுத்தது. பொடியன் சோம்பேறி இல்லை.

"காபரேட்டர்? பெரிய அளவு, எழுநூற்றைம்பது போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்."

"ஊர் பார்க்கும் அங்கிள், கார் ஓடாது. தேவைக்கு மிஞ்சின காபரேட்டர் எண்டால் மெதுவாப் போகேக்கை திக்கித் திக்கி நிக்கும். இந்த எஞ்சினுக்கு அறுநூறே தாராளம்."

பகட்டுக்காரனும் இல்லை. தனக்குக் கைவந்த விஷயத்தைக்கூடப் பணிவாகச் சொல்கிறான். இந்தப் பிள்ளையையா ஒரு மாதமாக முகம் பார்க்க மாட்டேன் என்று நின்றேன் என்று சற்குணத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கவிசன் அளவுநாடாவோடு காருக்கு அடியில் புகுந்தான். அளந்தான், தட்டினான், எழும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பொருத்தம் எல்லாம் சரி அங்கிள். எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. இனி நீங்கள்தான் சொல்ல வேணும்."

பொருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் சற்குணத்துக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. "எவ்வளவு பாடுபட்டு இந்த நிலைக்குக் கொண்டுவந்தனான் எண்டு உமக்குத் தெரியாது தம்பி."

"பார்க்கவே தெரியுது அங்கிள்."

"கவனமா வைச்சிருப்பீரோ?"

"வெயில் மழை படாமல் தங்கம் மாதிரி வைச்சிருப்பன்."

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே வீட்டுக்குப் போன் எடுத்தார். "புஷ்பம், பொடியன் தங்கமான பொடியன். எனக்குச் சம்மதம் எண்டு பிள்ளையிட்டைச் சொல்லும்."

"என்ன, உண்மையாவோ?" என்று புஷ்பராணி இரண்டு தரம் கேட்டாள். பிறகு யதுர்ஷா சந்தோஷத்தில் கத்துவது கராஜ் முழுக்கக் கேட்டது. "பேந்து சொல்லு மாற மாட்டியளே?" என்றாள் புஷ்பராணி மெதுவாக.

"சற்குணம் ஒருக்கால் சொன்னால் சொன்னதுதான்," என்று போனை வைத்துவிட்டுக் கவிசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, இப்ப சந்தோசம்தானே?"

"பெரிய சந்தோசம் அங்கிள். அப்ப அன்ரி போட்ட விளம்பரத்தை நீக்கச் சொல்லுங்கோ, காரை நான்தான் வாங்கிறன்."